எட்டு மில்லிக் காது

மரியாதைக்குரிய ரசிகர் அண்ணனுக்கு,

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏல மையத்தில் சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி ஒரு புரட்டுப் புரட்டுவார்கள். எந்த மலைச் சரக்கு, ஸ்டோரில் பக்குவமாகக் காய்ந்ததா, இந்தப் பச்சை நிற்குமா வெளுக்குமா என்று அதிலேயே சொல்லிவிடுவார்கள். பாட்டுக் கேட்கத் தெரிந்தவர் மட்டும் ஊருக்கே ஒருவர்தான். அது நீங்கள் என்பதை நீங்களே பல தடவை சொல்லியிருக்கிறீர்கள். டீக்கடை பெஞ்சில் யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

காய்க்குச் சல்லடை போடுகிற மாதிரி உங்கள் காதுக்குள்ளும் ஒரு சல்லடை இருக்கிறது. எட்டு மில்லிக்குக் குறைந்த குரலெல்லாம் உதிர்ந்து கீழே போய்விடும். கிட்டங்கிச் சல்லடையை விட உங்களுடையது உசத்தி. கிட்டங்கிச் சல்லடையின் கண் என்றைக்கும் ஒரே அளவு. உங்களுடையதிலோ, வெளியூரிலிருந்து ஒரு பட்டமோ பதக்கமோ வந்தது என்று தெரிந்தால் போதும், கண் தானாகச் சுருங்கி, நேற்று கீழே போன குரல் இன்று மேலே ஏறி நிற்கிறது. இப்படியொரு காதின் பெருமையை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் பரம்பரைப் பெருமை. 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். முந்தின வருஷம் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தது, எதிர் வேட்பாளரின் மனுவைத் தப்பாகத் தள்ளிவிட்டார்கள் என்ற வழக்கில் செல்லாமல் போயிற்று. மறுபடி ஓட்டு. ஈ.எம்.எஸ்.ஸின் கேரளக் கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு அது மானப் பிரச்சினை. ஓட்டுப் போட வேண்டியவர்களில் பெரும்பகுதி நம் பக்கத்திலிருந்து மலையேறிப் பிழைக்கப் போன தமிழ் ஜனம். அந்தத் தேர்தலுக்குத்தான் தேவாரத்தைத் தாண்டியிருக்கிற பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மேலே போனார். கூடத் தம்பி ராசையா, பிற்பாடு இளையராஜா ஆனவர், அப்போது மீசை முளைக்காத வயசு. பின்னால் பாஸ்கரும் அமரும் சேர்ந்து பாவலர் பிரதர்ஸ் என்று பெயர் பரவியது.

இன்றைய பையன்கள் இண்டி பேண்டு என்று சொல்கிறார்களே, அதற்கான லட்சணம் அத்தனையும் அந்தக் குழுவுக்கு இருந்தது. ரெக்கார்டு கம்பெனி கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, கையில் காசு என்பதும் அநேகமாகக் கிடையாது. ஊர் வாயில் இருக்கிற சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு அதற்குள் கூலியையும் விலைவாசியையும் வைத்துப் பாடினார்கள். மலைச் சரிவில் குழாய் ஸ்பீக்கர் எட்டுகிற மட்டும் கேட்டது, எட்டாத இடத்தில் தொண்டை கேட்டது. ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அது பாவலர் பாட்டு வாங்கிக் கொடுத்த ஜெயம் என்று இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் பெருசுகள் சொல்வார்கள்.

கீழே பஜாரில் இருந்த உங்கள் முன்னோர் அதிலெல்லாம் மயங்கவில்லை. கட்சிப் பாட்டு எப்படிப் பாட்டாகும்? மெட்டோ இரவல். மேடையோ மாட்டு வண்டி. டிக்கெட் போடாத இடத்தில் சங்கீதம் எங்கிருந்து வரும்? பாராட்ட வேண்டிய நிதானம். மலையில் பாட்டுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது சமவெளியில் தரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன் ராசையா அப்போது பெண் குரலில் பாடிக்கொண்டிருந்தான். பிறகு அந்த வயசுக்கே உரியது நடந்தது, குரல் உடைந்தது. பெண் குரல் போயிற்று, ஆண் குரல் இன்னும் வந்து சேரவில்லை. பையன் பாட்டை விட்டு ஆர்மோனியத்தைப் பிடித்தான். இங்கே உங்கள் தரப்பின் சேவையைக் குறிப்பிடாமல் போனால் பாவம். உடைந்த குரலையும் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தால் அவர் திருவிழா மேடைப் பாடகராகவே காலம் தள்ளியிருக்கலாம். ஆர்மோனியம் கிதார் ஆகியிருக்காது. 1968-ல் சென்னைக்கு ரயிலேறியிருக்க மாட்டார். தன்ராஜ் மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றிருக்க மாட்டார். ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராகப் படம் படமாக உழைத்திருக்க மாட்டார். வேண்டாம் என்று தள்ளியே ஒருவரை வளர்த்துவிடுவது எல்லோருக்கும் கைவருகிற கலை இல்லை, அண்ணே.

1976-ல் அன்னக்கிளி வந்தது. மெட்டு புதுசு, பாடியது எஸ். ஜானகி. சல்லடையில் நின்றது, நீங்களும் தலையாட்டினீர்கள். அடுத்த வருஷம்தான் சிக்கல். பதினாறு வயதினிலே படத்தில் சோளம் விதைக்கிற பாட்டைத் தானே பாடிவிட்டார். இயக்கியவர் அல்லிநகரத்துக்காரர், இசை பண்ணைப்புரத்துக்காரர். இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவில் உட்கார்ந்திருக்கிற போடிக்காரர் நீங்கள், வேறு யாரையும் விட முந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னீர்கள். மூக்காலே பாடுகிறார். அடித்தொண்டை இல்லை. மேலே போனால் கத்தல், கீழே வந்தால் முனகல். டி.எம்.எஸ். இருக்க, ஜேசுதாஸ் இருக்க, எஸ்.பி.பி. இருக்க, இவருக்கு எதற்கு இந்த ஆசை?

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்த மாதிரி இன்னொன்றும் சொன்னீர்கள்: “குரல்ல ஊரு தெரியுதுப்பா.” எவ்வளவு கூர்மையான காது! பாடுகிறவரின் ஊரையே குரலில் கண்டுபிடிப்பதென்றால் சாமானியமா? அந்தக் கூர்மை ஊரோடு நின்றதா, ஊருக்குள் எந்தத் தெரு என்பது வரைக்கும் போயிற்றா என்று நான் கேட்க மாட்டேன். பெரிய மனுஷர்களிடம் அதெல்லாம் கேட்கக் கூடாது. நாம் பாட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். என்றைக்குமே பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பாடாமல் எஸ்.பி.பி.யிடம் விட்டிருந்தால் இன்னும் மிதந்திருக்கும் என்று தோன்றுகிற டூயட்டுகள் இரண்டு மூன்று எனக்கும் உண்டு. ஆனால் எனக்கு அது அந்தந்தப் பாட்டின் மேல் உள்ள புகார், உங்களுக்கு அது கொள்கை. கொள்கைவாதியின் காதுக்கு ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகக் கேட்கிற சிரமம் இல்லை.

அந்தக் குரலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்க்கலாமா? உங்களுக்குத் தெரியாதது இல்லை, எழுதுகிறவனுக்கு ஒரு திருப்தி. அதில் சொகுசான கமகம் குறைவு. வரியின் கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துவதில்லை, சொல்லி முடித்ததும் விட்டுவிடுகிறது. மூச்சு வாங்குவது காதில் விழுகிறது. உச்சத்தில் குழைவு கிடையாது, நேராகப் போய் முட்டுகிறது. மைக் எட்டாத வெட்டவெளியில், கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்று பாடிப் பழகிய தொண்டை அது. நாயகனில் அந்தத் தாலாட்டு மாதிரியான பாட்டை இன்னும் அழகாகப் பாட ஆயிரம் பேர் இருந்தார்கள். அழகாகப் பாடியிருந்தால் அந்தப் படத்துக்கு அது பொய்யாகப் போயிருக்கும். இதையெல்லாம் நீங்களும் இப்போது சொல்கிறீர்கள். என்னை விட நன்றாகவே சொல்கிறீர்கள். எப்போதிலிருந்து என்பதுதான் சுவாரசியம்.

உங்கள் காது அந்தக் குரலிடம் இளகிய சரித்திரத்தை வரிசைப்படி வைக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். எண்பதுகளின் ஆரம்பத்தில், “மெட்டு பிரமாதம், வேற யாராவது பாடியிருக்கலாம்.” 1987-ல் நாயகன் வந்தபோது, “சீனுக்குப் பொருந்துது, அதனால பொறுத்துக்கலாம்.” 1989-ல் கரகாட்டக்காரன். அடுத்த சித்திரைத் திருவிழாவில் போடியிலிருந்து குரங்கணி வரைக்கும் மைக் செட்டுக்கு மைக் செட் அவரும் சித்ராவும்தான். நீங்கள், “ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றீர்கள். ஜனங்கள் என்ற சொல்லை அவ்வளவு தூரத்தில் நிறுத்தி உச்சரிக்க உங்களால்தான் முடியும்.

பிறகு 2005 வந்தது. அமெரிக்காவின் டைம் பத்திரிகை தேர்ந்தெடுத்த நூறு படங்களில் நாயகனும் இருந்தது. அதே வருஷம் திருவாசகத்தை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு சேர்த்து அவர் தானே பாடி வெளியிட்டார். ஹங்கேரிக்காரர்கள் வயலின் வாசிக்க அதே மூக்கு, அதே தொண்டை, அதே பண்ணைப்புரம். அன்று சாயங்காலம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, “அந்தக் குரல்ல ஒரு ஆத்மா இருக்குப்பா” என்று சொன்னதைக் கேட்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். 2010-ல் பத்ம பூஷண், 2018-ல் பத்ம விபூஷண். ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஆத்மா கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிக்கொண்டே போயிற்று. இருபத்தெட்டு வருஷம் காதை இளகவிடாமல் வைத்திருந்து, சரியான உத்தரவு வந்த அன்று இளகுவது என்றால் அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! எங்களைப் போன்ற அவசரக்காரர்கள் கேட்ட முதல் தடவையே பிடித்துப்போய் அசிங்கப்பட்டோம்.

குரல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒலியை அவர் மாற்றிக்கொண்டே போன விஷயத்தில் நீங்கள் காட்டிய உறுதி அதையும் மிஞ்சியது. 1986-ல் புன்னகை மன்னன் வந்தது, கம்ப்யூட்டர் ஒலியோடு. “மெஷின் சத்தம். அன்னக்கிளி ராஜாவைக் காணோம்” என்று அறிவித்தீர்கள். அதே வருஷம் பாஹுக்கும் தியாகராஜருக்கும் காணிக்கை என்று சொல்லி, வாய்ப்பாட்டு இல்லாத ஒரு ஆல்பம் போட்டார், ஹவ் டு நேம் இட். “யாருக்குப் புரியும்?” என்றீர்கள். 1992-ல் ரோஜா வந்ததும் புது ஒலியின் மேல் உங்களுக்கு வந்த கோபத்தில் புன்னகை மன்னன் ஒரே ராத்திரியில் பொற்காலம் ஆகிவிட்டது. 2012-ல் கௌதம் மேனன் படத்துக்கு கிதாரும் டிரம்ஸும் முன்னுக்கு வர இசையமைத்தார், கிட்டத்தட்ட ராக் பக்கம் போய்விட்டார். “இது ராஜாவே இல்லை.” இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நீங்கள் கேட்பது எந்தப் படம் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பத்து வருஷத்துக்கு ஒரு தரம் ராஜாவைத் தொலைக்கிறீர்கள். அடுத்த பத்து வருஷத்தில், தொலைத்த இடத்திலேயே தேடிக் கண்டெடுத்து, பத்திரமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறீர்கள். பெட்டிக்கு வெளியே அவர் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பது உங்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. ஒரு கலைஞனுக்கு எது உச்சகாலம் என்பதற்கு உங்களிடம் அசைக்க முடியாத ஒரு கணக்கு உண்டு. நீங்கள் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம்.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன், தெம்பாக இருக்கும். கடல் கடந்தும் உங்களுக்குப் பங்காளிகள் உண்டு. பாப் டிலன் என்று ஒருவர். அவர் குரலும் இதே ரகம்தான், கரகரப்பு, மூக்கு, பாதிப் பேர் ஓடிப்போவார்கள், பாதிப் பேர் உயிரை விடுவார்கள். 1965-ல் நியூபோர்ட் விழாவில் கிதாருக்கு மின்சாரம் கொடுத்தார் என்று கூச்சல் போட்டார்கள். அடுத்த மே மாதம் மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்றே கத்தினார். அதே டிலன் 2016-ல் நோபல் பரிசு வாங்கினார். மான்செஸ்டர் கூட்டத்தில் தானும் இருந்ததாகவும், தான் மட்டும் கை தட்டியதாகவும் இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறவர்களை எண்ணினால் அந்த மண்டபம் கொள்ளாது என்பது என் யூகம். அந்த ஊர் டீக்கடையிலும் உங்களுக்கு ஒரு பெஞ்சு காலியாக இருக்கும்.

ராஜா குடும்பத்துக்கும் நீங்கள் பாரபட்சம் காட்டவில்லை. மகள் பவதாரிணி பாடியபோது, “சின்னப்பிள்ளை மாதிரி இருக்கு, அப்பா தயவு” என்றீர்கள். பாரதி படத்தில் பாடியதற்கு தேசிய விருது வந்ததும், “தனித்துவம்” என்றீர்கள். 2024 ஜனவரியில் அவர் மறைந்த அன்று உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாள் முழுக்க அந்தக் குரல்தான் ஓடியது. மகன் யுவன் பாடுவதைப் பற்றி நீங்கள் சொன்னதையும், இப்போது உங்கள் மகன் கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாக யாருடைய குரலைப் போடச் சொன்னீர்கள் என்பதையும் நான் ஒன்றாக வைத்துப் பேசப் போவதில்லை. குடும்பத்துக்கு வெளியேயும் அப்படித்தான். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் கலந்து காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு முதல் கச்சேரி நடத்தியது. “இது பாட்டா, போராட்டமா?” என்று கேட்டீர்கள். 1958-ல் உங்கள் பெரியவர்கள் கேட்ட கேள்வி அப்படியே அறுபது வருஷம் கெட்டுப்போகாமல் இருந்திருக்கிறது. 2020-ல் அந்தக் குழுவின் இசைவாணி பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். கேள்வியை நீங்கள் மடித்து உள்ளே வைத்துவிட்டீர்கள்.

ஊரில் எல்லோருக்கும் இந்த ரசனை வாய்க்கவில்லை என்பதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும். விடியுமுன் போடியிலிருந்து முந்தல் வழியாக மேட்டுக்கு ஜீப் ஜீப்பாகப் போகிறார்களே, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காய் எடுக்க, அந்தப் பெண்களைத்தான் சொல்கிறேன். ஏழெட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதற்கு இரண்டு பங்கு. டிரைவர் பென்டிரைவில் பாட்டுப் போடுகிறான். ஒரு பாட்டு கரகாட்டக்காரன், அடுத்தது சாமி பாட்டு, அதற்கடுத்தது 2023-ல் விடுதலை படத்துக்காக, எண்பதைத் தொடப்போகிற வயசில், நடுங்குகிற குரலில் அதே ஆள் பாடியது.

“என்னக்கா, மாத்தவா?”

“விடுய்யா, ஓடட்டும்.”

அவ்வளவுதான் அவர்களுடைய விமரிசனம். ஏலச் செடிக்குச் சரம் அடியில், தரையோடு ஓடும். நாளெல்லாம் குனிந்தபடி பழுத்ததும் பழுக்காததும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் குனிவில் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துப் பாட முடியாது. சொல்லிவிட்டு விட்டுவிடத்தான் முடியும். அவர்கள் முணுமுணுக்கிற விதமும் அவர் பாடுகிற விதமும் ஒன்றாக இருப்பதை அவர்கள் கவனித்ததாகக் கூடத் தெரியவில்லை. நல்ல குரலா கெட்ட குரலா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அம்மா காலத்திலும், பாட்டி காலத்தில் பாவலர் மலையேறிய நாளிலும் எழவில்லை. என்ன செய்வது, ரசனைக்கு உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், கையில் ஒரு டீ வேண்டும். முக்கியமாக, பிடிக்காமல் போவதற்கு ஓய்வு வேண்டும். அதெல்லாம் அவர்களுக்கு எங்கே?

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. மறுநாள் காலை நீங்கள் பெஞ்சில் இரண்டு கருத்துகள் வெளியிட்டீர்கள். முதலாவது: “நான் அன்னிக்கே சொன்னேன்.” இரண்டாவது: “ஆனா அதுல மெட்டு இல்லப்பா, பழைய ராஜா இல்ல.” உலகம் கை தட்டும்போது சேர்ந்து தட்டவும் வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று உதட்டைப் பிதுக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே டீயில் முடித்தீர்கள்.

கடைசியாக, உங்கள் எதிர்வீட்டு மாடிப் பையன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து, நாலு பேராகச் சேர்ந்து, ஒரு பழைய கிதார், ஒரு பறை, ஒரு பெட்டி டிரம் வைத்துக்கொண்டு சாயங்காலமானால் பாடுகிறானே, அவன்தான். மேட்டில் ஜீப் கவிழ்ந்ததைப் பற்றி ஒரு பாட்டு, ஸ்டோர்ப் புகையைப் பற்றி ஒரு பாட்டு. குரல் பிசிறடிக்கிறது. உச்சத்துக்குப் போனால் பாதி காற்றாகத்தான் வருகிறது. முதல் நாளே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினீர்கள், வெயில் காலத்திலும் திறக்கவில்லை. அந்த வைராக்கியத்தைத் தெருவே பார்த்தது. இப்போது அவன் எங்கிருந்தோ ஒரு கீபோர்டு வாங்கிவந்து, பறையைக் குறைத்து, மெதுவான பாட்டாக என்னவோ செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் பெஞ்சில் நீங்கள் சொன்னீர்களாம்: “கெட்டுப் போயிட்டான்ப்பா. முதல்ல பாடுனப்பவாவது ஒரு உயிர் இருந்துச்சு.”